திமிங்கிலம் ஏன் கப்பலுக்கு விலகுவதில்லை?

வடமராட்சி கிழக்கில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், சென்ற வாடைக்காலத்தில் தம் மாணவர்களுடன் கரையில் ஒதுங்கிக் கிடந்த திமிங்கிலம் ஒன்றின் உடலைப் பார்த்ததாகவும், அங்கே ஒரு மாணவி கேட்ட கேள்விக்குத் தம்மிடம் பதில் இருக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய, தொலைவில் எழும் ஒலியையும் கேட்கக்கூடிய உயிர், கப்பல் வருவதை அறிந்து விலகிப் போகாதா என்பதே அந்தக் கேள்வி. அதனுடன் ஆசிரியையும் இரண்டு கேட்டிருக்கிறார்: இலங்கைக் கடலில் இவை இறப்பதைத் தடுக்க வழி உண்டா? ஆழமில்லாத வடகடலின் கரையில் வாழும் நாம் அதில் செய்வதற்கு ஏதும் உண்டா? மாணவியின் கேள்விதான் மூன்றிலும் கடினமானது. அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை தெரிந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திமிங்கிலம் விலகுவதில்லை, விலகுவதற்கு அதற்குத் தெரியாது. நீரின் மேற்பரப்பில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பொருள் நேர்கோட்டில் விரைந்து வரும் என்பது அந்த உயிர்களின் நெடிய வரலாற்றில் நேராத ஒன்று. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களின் முதுகில் கருவி பொருத்தி, கப்பல்கள் அருகே கடக்கும்போது அவை என்ன செய்கின்றன என்று ஆய்வாளர் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது திமிங்கிலங்கள், இருபது கப்பல் கடப்புகள். அவற்றில் எதுவும் பக்கவாட்டில் நீந்தி வழிவிடவில்லை. சில வேளைகளில் அவை செய்ததெல்லாம், மெதுவாகவும் ஆழமின்றியும் சற்றுக் கீழே அமிழ்ந்ததுதான். மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் வரும் கொள்கலன் கப்பலுக்கு முன்னால் அந்த அமிழ்தல் போதாது.

ஒலியைப் பற்றி மாணவி நினைப்பது நியாயமே. ஆனால் கப்பலின் இயந்திரமும் சுழலியும் பின்புறத்தில் இருக்கின்றன. சுழலி சுழலும்போது நீரில் எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடைவதே கப்பல் ஒலியின் பெரும்பங்கு. அந்த ஒலிக்கும் கப்பலின் முன்பக்கத்துக்கும் இடையில் இருநூறு, முந்நூறு மீற்றர் நீளமுள்ள இரும்பு உடல் சுவராக நிற்கிறது. மேலும், தாழ்ந்த ஒலியலைகள் நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும்போது தம்மைத் தாமே தணித்துக்கொள்வதால், மேற்பரப்பை ஒட்டிய நீரில் அவை வலுக் குறைந்தே கேட்கும். ஆகவே கப்பலைச் சூழ்ந்த கடலில் ஒலி மிகக் குறைந்த இடங்களில் ஒன்று, கப்பலின் மூக்குக்கு நேர் முன்னால், நீர்மட்டத்தில் இருக்கிறது. திமிங்கிலம் மூச்செடுக்க வரும் இடமும் நீர்மட்டமே. இதனோடு, பல கப்பல்கள் ஒரே வேளையில் ஓடும் கடலில் ஒலி எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கும். கோயில் திருவிழாவில் நான்கு வீதியிலும் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது பின்னால் வரும் சைக்கிளின் மணி நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அது போன்ற நிலையே.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். பல ஆண்டுகளுக்கு முன், மணற்காட்டுக்கு அப்பால் உள்ள கரையில் ஒதுங்கிய ஓர் உடலைப் பார்க்கப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது தோலில் காயமே தெரியவில்லை. ‘நோய் வந்து செத்திருக்கும், ஐயா’ என்றார் என்னோடு வந்த கடற்றொழிலாளர். கிட்டப் போய் முதுகை வெட்டித் திறந்து பார்த்தபோது, கொழுப்புப் படைக்குக் கீழே இரண்டு முழ அகலத்துக்கு இறைச்சி கறுத்து, கன்றி, இரத்தம் கட்டிக் கிடந்தது. அதற்கும் கீழே முள்ளந்தண்டின் மூன்று கணுக்கள் நொறுங்கியிருந்தன. இறந்தபின் மிதந்துகொண்டிருந்த உடலில் கப்பல் மோதினால் எலும்பு முறியும், ஆனால் இரத்தம் கட்டாது. உயிரோடு இருந்தபோது மோதினால்தான் இரத்தம் இறைச்சிக்குள் பரவும். அந்தக் கன்றலைப் பார்த்த பிறகு நோய் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேறு சில உடல்களில் சுழலியின் வெட்டுகள் தெரியும். அவை ஒரே இடைவெளியில், பனங்கருக்குப் போல வரிசையாக இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. மூக்கால் மோதிக் கொன்ற கப்பலோ வெளியே ஒரு கீறலும் விடாமல் போய்விடும்.

கரைக்கு வந்து சேரும் உடல்கள் மிகச் சொற்பம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரிய திமிங்கிலங்களில் பல, இறந்ததும் மூழ்கிவிடும். ஆழம் குறைந்த நீரானால் உடலுக்குள் வாயு உண்டாகி அது மறுபடி மிதக்கும். ஆயிரம் மீற்றருக்குக் கீழே நீரின் அழுத்தம் அந்த வாயுவை விரிய விடாது; உடல் அங்கேயே கிடந்துவிடும். தென்னிலங்கையில் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே அந்த ஆழம் வந்துவிடுகிறது. நாம் காணும் ஒவ்வோர் உடலுக்கும் பின்னால் காணாத பல உண்டு என்று கொள்வதே சரி. வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதால், வெகு தொலைவில் இறந்த ஒன்றைக்கூட அது நம் கிழக்குக் கரையில் கொண்டுவந்து போடக்கூடும். உங்கள் மாணவர்கள் பார்த்தது எங்கே இறந்தது என்று உடல் கிடந்த இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் இருப்பது அதனால்தான்.

இனி இலங்கைக் கடலுக்கு வருகிறேன். பாக்கு நீரிணையை ஒட்டிய நம் கடலின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழத்தைத் தாண்டாது. இருபத்து நான்கு மீற்றர் வரை வளரும் இந்தியப் பெருங்கடல் நீலத் திமிங்கிலத்தை அதில் நிமிர்த்தி வைத்தால் உடலின் மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரியும். பெரிய கப்பலுக்கும் அந்த ஆழம் போதாது. ஆகவே இந்தியாவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே ஓடும் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித் தெற்கால் போகின்றன. மலாக்கா நீரிணைக்கும் செங்கடலுக்கும் இடையே ஓடும் உலகப் பெருவழியும் இயல்பாகவே தெற்கு முனையான தெவுந்தர முனையை உரசிக்கொண்டு போகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கப்பல் அந்த முனையைக் கடக்கும். யாழ்ப்பாணக் கடைகளில் நாம் வாங்கும் பொருள்களிலும் ஒரு பங்கு அந்த வழியால் வந்ததுதான்.

அதே முனையில்தான், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் திட்டு மிக ஒடுங்கி, ஆழ்கடல் கரையை நெருங்கி வருகிறது. பருவக் காற்றும் நீரோட்டமும் ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவர, அந்நீரின் சத்தில் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் திரளாகக் கூடுகின்றன. அவற்றை நாடி நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. உலகின் பிற கடல்களில் நீலத் திமிங்கிலம் கிரில் என்னும் சிற்றுயிரையே முக்கியமாகத் தின்னும். இலங்கைக் கடலில் அவற்றின் எச்சத்தை எடுத்து ஆராய்ந்தபோது, இங்குள்ளவை பெரும்பாலும் வேறொரு வகைச் சிற்றிறாலைத் தின்கின்றன என்று தெரிந்தது. நம் சந்தையில் கூனி என்று படி கணக்கில் அளந்து விற்கிறார்களே, அதன் நெருங்கிய உறவு அது. உலகின் மிகப் பெரிய உயிரும் நம் வீட்டுச் சம்பலும் ஒரே குடும்பத்து இறாலில் தங்கியிருப்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்திமிங்கிலங்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மற்றப் பெருங்கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவப் பக்கத்துக் குளிர்ந்த கடலில் உண்டு, வெப்பக் கடலில் ஈனும். வட இந்தியப் பெருங்கடலில் உள்ளவை துருவத்துக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே சுற்றி வருகின்றன. 2003ஆம் ஆண்டு ஆய்வுக் கப்பல் ஒன்றில் போன இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வொஸ், நீர்மேல் மிதந்த சிவந்த எச்சத்தைப் பார்த்து, இவை இங்கேயே உண்கின்றன என்று உணர்ந்ததிலிருந்துதான் இலங்கையின் திமிங்கில ஆய்வு புதிய வேகம் கொண்டது. இங்கேயே உண்டு, இங்கேயே ஈன்று, இங்கேயே வாழும் உயிருக்கு, உண்ணும் இடத்தின் குறுக்கே ஒரு பெருவழி ஓடுவது பருவத்துக்கு ஒருமுறை கடந்துபோகும் ஆபத்து அல்ல. அது நாள்தோறும் உள்ள ஆபத்து. பெண் திமிங்கிலம் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வளர்ந்த பெண் ஒன்று இறப்பது எவ்வளவு பெரிய இழப்பென்று விளங்கும்.

2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் மூக்கில், நீலத் திமிங்கிலம் ஒன்று இரண்டாக மடிந்து தொங்கிக்கொண்டு வந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் மூக்கு உருண்டு நீண்டிருக்கும். உடல் அதில் சிக்கிக்கொண்டதால்தான் கரைவரை வந்தது. அவ்வளவு பெரிய கப்பலில் அந்த மோதலின் அதிர்ச்சி மாலுமிக்குத் தெரியாமலே போகும். இதைக் கொடுமை என்று கப்பற்காரரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய கப்பலை நிறுத்தக் கிலோமீற்றர் கணக்கில் தூரம் வேண்டும். இரவில், கடல் கொந்தளிக்கும் வேளையில், நீர்மட்டத்தில் கிடக்கும் கரிய முதுகைக் கண்டு திருப்புவது எவராலும் ஆகாது. ஆகவே கப்பல் கண்டு விலக வேண்டும் என்பதும், திமிங்கிலம் கேட்டு விலக வேண்டும் என்பதும் வீண் எதிர்பார்ப்புகள். இரண்டும் ஒரே இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், இருக்கத்தான் வேண்டுமானால் கப்பல் மெதுவாகப் போவதும் ஆகிய இரண்டு வழிகளே உண்டு.

முதல் வழிக்கு இலங்கையைப் போல வாய்ப்பான இடம் உலகில் அரிது. தெற்கே திமிங்கிலங்கள் திட்டின் விளிம்பை ஒட்டிய ஒடுங்கிய பட்டையிலேயே அடர்ந்திருக்கின்றன. கப்பல் பாதை அந்தப் பட்டையின் மேலேயே கிடக்கிறது. பாதையைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பதினைந்து கடல் மைல் என்பது இருபத்தெட்டுக் கிலோமீற்றர். கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போகும் தூரம். ஆயிரக்கணக்கான கடல் மைல் ஓடும் கப்பல் நடுவே சற்றுத் தெற்காக வளைந்து போனால், அதன் மொத்தத் தூரம் கூடுவது சில கடல் மைல் மட்டுமே. அந்தப் பகுதியில் மீன்பிடிக்கும் படகுகளுக்கும் இது பெரிய பாதுகாப்பு. பெருங்கப்பல் இரவில் ஏறிப் படகு உடைவதும் ஆள் காணாமற்போவதும் தென்கரைத் தொழிலாளர் நன்கு அறிந்த துயரம். திமிங்கிலத்துக்காகக் கேட்கும் அதே பாதை மாற்றம் அவர்களின் உயிரையும் காக்கும் என்பதை நான் எப்போதும் முதலில் சொல்வேன்.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? பன்னாட்டுப் பாதையை மாற்றும் அதிகாரம் சர்வதேச கடல்சார் அமைப்பினுடையது. அங்கே முன்மொழிவை வைக்க வேண்டியது அரசு. கப்பல்கள் தள்ளிப் போனால் கொழும்பு, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களின் வருவாய் குறையுமோ என்ற கவலையால் தயக்கம் நீண்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் எப்படியும் உள்ளே வரத்தான் போகிறது, கடந்து போகும் கப்பலே தள்ளிப் போக வேண்டியது என்பதால் அந்தக் கவலை எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. அரசுக்குக் காத்திராமல், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022 நடுப்பகுதியிலிருந்து தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கி அனுப்பத் தொடங்கியது. ஒரு நிறுவனம் செய்ததை எல்லோரும் செய்ய வைப்பதற்குத்தான் சட்டப்படியான மாற்றம் வேண்டும்; விருப்பத்தின்பேரில் செய்வது எரிபொருள் விலை ஏறும் நாளில் மறந்துபோகும்.

பிற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. கனடாவின் பண்டி விரிகுடாவில் 2003இலும், அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுக வாயிலில் 2007இலும் பாதைகளை நகர்த்தினார்கள். அவ்விரண்டு இடத்திலும் கருத்தில் இருந்தது ரைட் திமிங்கிலம் என்னும் இனம். வட அத்திலாந்திக்கில் அது இன்று நானூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. திமிங்கிலங்கள் பரந்து திரியும் இடங்களில் பாதையை நகர்த்திப் பயனில்லை. அங்கே வேகமே மருந்து. மணிக்குப் பதினைந்து கடல் மைல் வேகத்தில் மோதினால் திமிங்கிலம் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 80 வீதம். ஒன்பது கடல் மைலுக்குச் சற்றுக் கீழே இறங்கினால் அது 20 வீதமாகக் குறைகிறது. இதன் அடிப்படையில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 2008 முதல், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள் குறித்த பருவத்தில், குறித்த இடங்களில் பத்துக் கடல் மைலைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். பத்துக் கடல் மைல் என்பது நம் வீதியில் கொஞ்சம் உழக்கிப் போகும் சைக்கிளின் வேகம். ஆனால் விதி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. கடல் சூடேறி இரை இடம்பெயர்ந்தபோது அந்தத் திமிங்கிலங்களும் புதிய இடங்களுக்குப் போயின. 2017ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு இறந்து கிடந்தன; அவற்றில் பன்னிரண்டு விதி இல்லாத அந்த இடங்களில். திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் பாதுகாப்பின் ஒரு பங்குதான்.

2024 இறுதியில் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, பெருந்திமிங்கில இனங்கள் நான்கின் வாழ்பரப்பில் 92 வீதத்தில் கப்பல் ஓடுகிறது என்றும், மோதல் ஆபத்து மிகுந்த இடங்களில் 7 வீதத்துக்கும் குறைவானவற்றில்தான் ஏதாவது தடுப்பு ஏற்பாடு உள்ளது என்றும் காட்டியது. அதே ஆய்வு, கடற்பரப்பில் இன்னும் 2.6 வீதத்தில் இந்த ஏற்பாடுகளைச் செய்தாலே ஆபத்து மிகுந்த இடங்கள் அனைத்தையும் காத்துவிடலாம் என்கிறது. செய்ய வேண்டிய பரப்பு அவ்வளவு சிறியது.

கப்பலின் ஒலி உயிரைக் கொல்லாமலே செய்யும் கேட்டையும் விட்டுவிட முடியாது. நீலத் திமிங்கிலம் நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் ஒன்றையொன்று அழைக்கிறது. பெருங்கப்பலின் ஒலியும் அதே தாழ்ந்த எல்லையில்தான் விழுகிறது. 2001 செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பின்வந்த நாள்களில் கப்பல் போக்குவரத்து சில நாள் குறைந்தபோது, பண்டி விரிகுடாவில் நீரடி ஒலி ஆறு டெசிபெல் தணிந்தது. அப்போது தற்செயலாக அங்கே ரைட் திமிங்கிலங்களின் எச்சத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தவர்கள், அதில் மன அழுத்த ஓமோன்களின் அளவு தாழ்ந்திருந்ததைப் பின்னர் கண்டார்கள். அந்த உயிர்கள் நாள்தோறும் ஒரு பதற்றத்தோடு வாழ்கின்றன என்பதும், சத்தம் அடங்கிய சில நாளில் அது தணிந்தது என்பதும் எனக்கு மோதல் எண்ணிக்கைகளைவிட நெஞ்சைத் தொட்ட செய்தி. வேகத்தைக் குறைத்தால் ஒலியும் குறையும் என்பதால் இதற்குத் தனி மருந்து தேடவும் வேண்டியதில்லை.

தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் சுற்றுலாப் படகுகள் ஒரு திமிங்கிலத்தைச் சூழ்ந்து துரத்துவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது தவறுதான், தூரம் காக்க வேண்டும் என்று விதிகளும் உண்டு. காசு கொடுத்துப் போகிறவர்கள், துரத்தாத படகையே தேர்ந்து போனால் அது திருந்தும். 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் துகள் கடலில் கொட்டியதையும், அதன் பின் ஆமைகளும் ஓங்கில் என்னும் டொல்பின்களும் திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்கியதையும் நாம் மறக்கவில்லை. வேட்டை இன்று இங்கே பெரிய ஆபத்தன்று. இந்தியப் பெருங்கடல் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலகளாவிய வணிக வேட்டைத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்களை மனிதர் கொன்ற பிறகு வந்த தடை அது.

நமக்கு மிக நெருங்கிய ஆபத்து கப்பலைவிட வலைதான். ஆழ்கடலில் சூரைக்கும் அறக்குளாவுக்கும் இரவு முழுவதும் மிதக்க விடும் செவுள் வலையில் ஓங்கில்களும் சிறிய திமிங்கிலங்களும் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் இறக்கின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ஓங்கில், திமிங்கில இன உயிர்கள் இவ்வாறு வலையில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். கப்பல் மோதல் இந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. பெரிய திமிங்கிலம் உடனே இறப்பதில்லை. வலையையும் கயிற்றையும் அறுத்து இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரியும். கயிறு வளரும் உடலில் இறுகி எலும்புவரை அறுக்கும். ரைட் திமிங்கிலங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவற்றின் உடலில் கயிற்றுத் தழும்பு இருக்கிறது.

வலையை விடாதே என்று தொழிலாளியிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் பாகிஸ்தானின் சூரைத் தொழிலாளர், மிதவைக் கயிற்றை நீட்டி, வலையின் தலைப்பை நீர்மட்டத்துக்கு இரண்டு மீற்றர் கீழே இறக்கி விட்டுப் பார்த்தார்கள். ஓங்கில் சிக்குவது பெருமளவு குறைந்தது. மீன்பாடு அவ்வளவாகக் குறையவில்லை. வலையை ஓங்கில் கிழிப்பதும் குறைந்ததால் செலவும் மிஞ்சியது. நம் பலநாள் கலங்களில் இதைச் செய்து பார்க்கப் பெரிய முதல் தேவையில்லை; கயிறும் மனமும் போதும். கரையோரத்தில், மெல்லிய நைலோன் இழையாலான தங்கூசி வலையின் கேடு எல்லோருக்கும் தெரிந்ததே. இரவில் இழுவைப் படகுகள் அறுத்துப்போகும் வலைகள் வடபகுதித் தொழிலாளருக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்று நாம் பேசுகிறோம். அறுந்த அந்த வலை அதோடு முடிவதில்லை, ஆளில்லாமலே மிதந்து மீனையும் ஆமையையும் ஓங்கிலையும் பிடித்துக்கொண்டே இருக்கும். இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடைசெய்தபோது எழுந்த பேச்செல்லாம் மீன்வளத்தைப் பற்றியே இருந்தது. இந்தப் பேய் வலைகளையும் அதனோடு சேர்த்துப் பேச வேண்டும்.

திமிங்கிலம் நம் மீனைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணமும் சில துறைகளில் உண்டு. நீலத் திமிங்கிலம் தின்பது சிற்றிறாலை. அது ஆழத்தில் உண்டு, மேற்பரப்பில் கழிக்கிறது. அந்த எச்சத்திலுள்ள இரும்புச் சத்து மேல்நீரில் நுண்ணுயிர்களை வளர்க்கிறது. மீனின் உணவுச் சங்கிலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. வயலுக்கு எரு போடும் மாட்டைப் பயிருக்குப் பகை என்று நாம் சொல்வதில்லை.

கடைசியாக, உயிரோடு ஒதுங்கும் உயிர்களைப் பற்றி. பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. ஒன்று கரையேறினால் கூட்டமே ஏறும். 1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கின. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறளவில் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் நீரில் நின்று தள்ளி, பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். நம் கரையில் அப்படி நேர்ந்தால் வாலைக் கட்டி இழுக்கக் கூடாது, மூட்டு கழன்றுவிடும். தலையின் மேலுள்ள மூச்சுத் துளைக்குள் நீரோ மணலோ போகாமல், உடலை நிமிர்த்தி வைத்து, ஈரச் சாக்கால் போர்த்தி, கூட்டத்தை விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கடற்படைக்கும் அறிவிக்க வேண்டும்.

இறந்த உடலானால், ஆசிரியையே, உங்கள் மாணவர்கள் செய்யக்கூடியது அதிகம். எவரும் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோலோ மடித்த குடையோ வைத்து எடுத்தால் நீளம் தெரியும். வாயில் பல் இருக்கிறதா, சீப்புப் போன்ற தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இனம் பிரிக்க அதுவே முதல் அடையாளம். வரிசையான வெட்டு, வாலடியில் கயிற்றுத் தடம், முதுகில் வீக்கமோ குழியோ இருந்தால் எழுதிவையுங்கள். நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றோடு அந்தக் குறிப்பைத் திணைக்களத்துக்கும், நாரா என்னும் அரச நீர்வள ஆய்வு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். எலும்பையோ பல்லையோ நினைவுப் பொருளாக எடுத்துவர வேண்டாம். அது சட்டப்படி குற்றம், ஆய்வாளருக்கும் அது தேவை. பாதை மாற்றம் கேட்பவர்கள் கையில் வைத்திருக்கும் சான்றுகளில் பெரும்பங்கு இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்து வந்ததே. வடக்குக் கரையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது இன்னும் குறைவு.

அந்த மாணவிக்கு உயிரோடு ஒரு திமிங்கிலத்தைக் காட்ட விரும்பினால், பங்குனி, சித்திரைப் பக்கம் திருகோணமலைக்குக் கூட்டிப்போங்கள். துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் அங்கே அவை கரைக்கு மிக அருகில் வரும். படகு தேவையில்லை. கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டுக்கு மேலே நின்று, காலை வெயில் ஏறுமுன் தொடுவானத்துக்குச் சற்று இப்பால் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். பனை உயரத்தில் பாதியளவுக்கு ஒரு வெண்ணீராவி எழும்பி, காற்றில் சாய்ந்து கரையும்; பத்து நிமிடம் கழித்து, சற்றுத் தள்ளி, மறுபடியும் எழும்பும்.